காது நெய்னாவின் ரேடியோகிராம்

என்னை நானே புகழ்ந்துகொள்கிறேன் என்று நினைக்க வேண்டாம். புகழ்ந்துகொள்ளத்தான் போகிறேன், ஆனால் கொஞ்ச நேரத்துக்கு மட்டும்.

யுத்தத்துக்கு முன்னால் கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். அங்கே என் காதுக்குத் தனி மரியாதை. நம்ம ஆட்கள் யார் கிராமபோன் வாங்கினாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடுவேன். இரண்டு நிமிஷம் ஒரு வார்த்தை பேசமாட்டேன். பிறகு, "ஊசி மழுங்கிப்போச்சு, மாத்து" என்பேன். இல்லையென்றால், "தட்டு தேஞ்சது, வித்தவன் ஒன்னைய ஏமாத்திட்டான்" என்பேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சரியாக இல்லாதபோதும் எதிர்த்துப் பேச ஆள் கிடையாது, என் கோபம் அப்படி. ஊரில், அதாவது இந்தப் பாம்பனில், நெய்னா முகம்மது என்றால் எந்த நெய்னா என்று கேட்பார்கள். காது நெய்னா என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நாற்பத்தெட்டில் கொழும்பை விட்டு வந்தாயிற்று. அதற்கப்புறம் பதினாலு வருஷம் ஒரு சரக்குக் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற வேலை. அந்த அறையில் பேச்சே கிடையாது, கையைக் காட்டினால்தான் காரியம். கிராமபோனை விற்றுவிட்டேன். தட்டுகளை மட்டும் விற்க மனசு வரவில்லை. கொழும்பிலிருந்து கொண்டுவந்த முப்பத்தொரு தட்டும் பெட்டிக்குள் துணி சுற்றிக் கிடந்தன.

அறுபத்திரண்டில் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்தேன். எங்கள் தெருவுக்குக் கரண்டு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. "ஒரு ரேடியோகிராம் வாங்கப்போறேன், ரேடியோவும் கிராமபோனும் ஒரே பெட்டில" என்று என் மனைவி சாலிஹாவிடம் சொன்னேன்.

"கூரை ஒழுகுதே?" என்றாள்.

"கூரையா பாடப்போகுது?" என்றேன். அன்றைக்கு எனக்கு அது பெரிய பதிலாகத் தெரிந்தது.

ராமநாதபுரத்தில் மலையாண்டி என்று ஒரு ரேடியோ மெக்கானிக். சாயல்குடிப் பக்கத்து ஆள், முப்பத்தைந்து வயசு இருக்கும், மதுரையில் ஒரு கடையில் எட்டு வருஷம் வேலை பழகியவன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மேஜையும் நாலு ரேடியோவும் வைத்து அப்போதுதான் தனியாகக் கடை போட்டிருந்தான். அவன்தான் மதுரைக்குப் போய் எனக்காக ரேடியோகிராம் எடுத்து வந்தான். ராமநாதபுரத்திலிருந்து நானும் அவனோடு வந்தேன், பாம்பனுக்கு ரயிலை விட்டால் வேறு வழியில்லை. பாலத்தின் மேல் ரயில் ஊர்ந்துபோகிற நேரம் முழுக்க நான் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சத்தம் என்றால் என்ன, நல்ல ஊசி எப்படி இருக்க வேண்டும் என்று அவனுக்கே பாடம் நடத்தினேன். பாவம், தலையை ஆட்டிக்கொண்டே வந்தான்.

வீட்டில் வைத்து, கம்பி இழுத்து, எல்லாம் சரிபார்த்துவிட்டு, "போடுங்க பாய்" என்றான். எனக்குப் பிடித்த தட்டு ஒன்றை எடுத்தேன். வயலினும் கஞ்சிராவும் வரும் தட்டு. அந்தக் கஞ்சிராவின் ஓரத்தில் இருக்கிற சின்னச் சில்லுகள் கிலுங்குகிற கிலுங்கலுக்காகவே கொழும்பில் ஒரு மாசச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்கியது. வழக்கம்போல் கண்ணை மூடினேன்.

தோலில் விழுகிற அடி கேட்டது, கிலுங்கல் கேட்கவில்லை. வயலினும் போர்வைக்குள் படுத்துக்கொண்டு வாசிக்கிற மாதிரி இருந்தது.

"என்னலே இது, மந்தமா இருக்கு?" என்றேன்.

"நல்லாத்தானே இருக்கு பாய்," என்றான் மலையாண்டி.

"நல்லாத்தானேங்க இருக்கு," என்றாள் சாலிஹாவும், அடுப்படியிலிருந்து.

"ஒனக்கென்ன தெரியும், போ!" என்றேன். பதினாலு வருஷத்துக்கு அப்புறம் வாய்க்குப் பழைய உத்தியோகம் கிடைத்துவிட்டது, விடுமா?

அதற்குப் பிறகு நான் பண்ணிய கூத்து கொஞ்சநஞ்சமல்ல. முதலில் ஊசியை மாற்றச் சொன்னேன், மாற்றினான். பிறகு மதுரையிலிருந்து இன்னொரு சின்ன ஸ்பீக்கர் வரவழைத்து அதையும் சேர்த்துக் கட்டச் சொன்னேன், கட்டினான். துணி சத்தத்தைக் குடிக்கும் என்று திரைச்சீலையைக் கழற்றினேன். பாய், தலையணை, கட்டில் எல்லாவற்றையும் வெளியே போட்டேன். அரிசிப் பானையைக் காலி செய்து ஸ்பீக்கரை அதன் வாயில் வைத்துப் பார்த்தேன். அன்றைக்கு அரிசி வாளியில் கிடந்தது, நாங்கள் வெறுந்தரையில் கிடந்தோம். சாலிஹா பேசியிருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன்.

பிறகு ஒருநாள் பெட்டியின் முதுகைத் திறந்தேன். உள்ளே கண்ணாடிக் குமிழ் மாதிரி ஐந்து வால்வு. நாலில் ஒரே மாதிரி எழுத்து, ஐந்தாவதில் வேறு எழுத்து. போதாதா? நல்ல வால்வை உருவிக்கொண்டு பழசைச் சொருகிவிட்டான் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டினேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. நேராக ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கிற கூத்தையாவின் டீக்கடைக்குப் போய்ச் சொன்னேன். ராமநாதபுரம் போகிற ரயிலில் சொன்னேன். வரும்போதும் சொன்னேன், போகும்போது கேட்காதவர்கள் இருப்பார்களே என்று.

காது நெய்னா சொன்னால் அதற்கு அப்பீல் உண்டா? ஒரு மாசத்தில் மலையாண்டி கடையில் கொடுத்திருந்த ரேடியோக்களை ஆளாளுக்குத் திருப்பி வாங்கிப் போய்விட்டார்கள். சுற்றுக்கிராமத்துப் பஞ்சாயத்து ரேடியோக்களைப் பார்த்துக்கொள்கிற வேலை அவனுக்கு வருவதாக இருந்ததாம். அதுவும், "திருடன்கிட்டயா குடுக்கிறது?" என்று நின்றுபோனது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். மலையாண்டி வாசலில் நின்றான். மெலிந்து போயிருந்தான்.

"உள்ள வரலாமா பாய்?"

"வா. வால்வக் கொண்டாந்தியா?"

அவன் வந்து உட்கார்ந்தான். சாலிஹா கதவோரம் நின்றாள். அவன் பெட்டியின் முதுகைத் திறந்து அந்த ஐந்தாவது வால்வை எடுத்துக் காட்டினான். "இது கம்பெனியிலயே இப்படித்தான் வருது பாய். எல்லாப் பெட்டிலயும் இப்படித்தான். மதுரைக் கடைச் சீட்டக் கொண்டாந்திருக்கேன், பாருங்க." சீட்டை நீட்டினான். நான் கை நீட்டவில்லை.

அவன் குரல் உடைந்துவிட்டது. "எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ள இருக்கு. அதுக தலையில அடிச்சுச் சொல்றேன். ஒங்க பெட்டிலருந்து ஒரு ஆணியக்கூட நான் எடுக்கல."

சொல்லி முடித்ததும் அவன் சட்டென்று மேலே பார்த்தான். பார்த்துவிட்டுத் தரையில் விரலால் மூன்று தட்டுத் தட்டினான். சாலிஹாவும் மேலே பார்த்தாள். அவள் விரலும் கதவு நிலையில் தட்டியது.

"பாத்தீங்களா பாய், பல்லியே சொல்லிருச்சு," என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

எனக்கு வந்ததே கோபம்! முதலில் சாலிஹாவின் மேல். "தவ்பா! அஞ்சு வேளை தொழுகுறவ, பல்லிக்குத் தட்டுறியா? நமக்கேது சகுனம்?"

"சகுனம் இல்லங்க. சின்னதுலருந்து பழகுன கை, தன்னால தட்டிருச்சு. அதுக்காக இவ்வளவு சத்தமா சொன்ன பல்லிய இல்லைங்கவா முடியும்?"

"எந்தப் பல்லி?" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் தலைக்கு நேர் மேலே, உத்தரத்தில், ஒரு விரல் நீளத்தில் உட்கார்ந்திருந்தது. அதன் தொண்டை துடித்துக்கொண்டிருந்தது.

"இந்தா, இப்பவும் சொல்லுது," என்றாள் சாலிஹா.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என்னைக் கேலி பண்ண இரண்டு பேரும் கூடிப் பேசி வைத்திருக்கிறார்களோ என்றுகூட நினைத்தேன். ஆனால் பல்லியோடு கூடிப் பேச முடியாதே! மலையாண்டி மெதுவாக எழுந்து அந்தக் கஞ்சிராத் தட்டைப் போட்டான். சாலிஹாவைப் பார்த்து, "அக்கா, கிலுகிலுன்னு கேக்குறப்பல்லாம் கையத் தூக்குங்க" என்றான். அவள் கை ஏறியது, இறங்கியது, ஏறியது. அவனும் கூடவே தூக்கினான். இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கின. அந்த இரண்டு கைகளையும் பார்த்தபடி நான் கேனையன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். கிலுங்கல் எல்லாம் தட்டிலேயே பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது.

"கப்பல்ல எஞ்சின்கிட்ட இருந்தீங்கள்ல பாய்," என்றான் மலையாண்டி. "மில்லுல வேலை பாக்குறவுகளுக்கும் இப்படித்தான் போகும். சன்னமான சத்தம் மொதல்ல போயிரும்."

சாலிஹா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நாலஞ்சு வருஷமா லீவுல வாரப்பல்லாம் நான் கூப்பிட்டா திரும்பமாட்டீக. என் மேல வெறுப்போன்னு நெனச்சேன்," என்றாள். அதைக் கேட்டு எனக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. வெறுப்பா! யா அல்லாஹ், இவள் கூப்பிட்டதே எனக்குத் தெரியாதே.

அதை அப்புறம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். மலையாண்டியின் காரியம் அப்படிக் காத்திருக்காது. "எந்திரி, கடைக்கு வா" என்று அவனைக் கூட்டிக்கொண்டு கூத்தையாவின் டீக்கடைக்குப் போனேன். மூணரை மணி ரயிலுக்காகக் கூட்டம் நிறைய. நடுவில் நின்றுகொண்டு சொன்னேன்: "எல்லாரும் கேளுங்கப்பா! மலையாண்டி மேல தப்பே இல்ல. பெட்டி நல்ல பெட்டி. எங்காதுதான் செவிடு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு மலையாண்டியைப் பார்த்தார்கள். கூத்தையா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "பாத்தியாலே," என்றான் அவனிடம். "பாய் எம்புட்டுப் பெரிய மனுசன்! ஒன்னையக் காப்பாத்தணும்னு தன்னையவே செவிடுங்கிறாரு. இனியாவது ஒழுங்கா இரு."

"அப்படித்தான்," என்றார்கள் நாலு பேர். ஒருத்தர் என் தோளைத் தட்டினார்.

மலையாண்டியின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். இதுவரைக்கும் அவன் வெறும் திருடன். இப்போது மன்னிப்பு வாங்கிய திருடன். நான் முப்பது வருஷமாக என் காதைப் பற்றி அடித்த தம்பட்டம் அவ்வளவு ஆழமாக ஊரில் இறங்கியிருந்தது. "ஏலே முட்டாப்பயலுகளா, உண்மையச் சொன்னா நம்பமாட்டீகளா?" என்று கத்தினேன். கத்தக் கத்தப் பெரிய மனுஷனாகிக்கொண்டே போனேன்.

கடைசியில் ஒரு யோசனை வந்தது. என் காதை ஊர் நம்புகிறது, சரி. என் கோபத்தையும் ஊர் அறியும். என்னை யாராவது ஒரு சொல் சொன்னால் நான் பொறுப்பேனா? கை ஓங்காமல் நின்றிருக்கிறேனா, ஒருநாளாவது?

"கூத்தையா," என்றேன். "நான் செவத்தப் பாத்து நிக்கிறேன். நீ எனக்குப் பின்னால, அங்கன அடுப்புகிட்ட நின்னு, சன்னக் குரல்ல என்னைய என்ன வேணும்னாலும் திட்டு. வாயில வர்றத எல்லாம் வை. நான் திரும்பி அடிச்சா எங்காது நல்ல காது. அடிக்கலன்னா இந்தப் பய யோக்கியன்."

சுவரைப் பார்த்து நின்றேன். கரிப் புகை படிந்த சுவர். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. என் காதில் அடுப்பு சத்தமும் யாரோ பெஞ்சை நகர்த்திய சத்தமும் விழுந்தன, அவ்வளவுதான். திடீரென்று கடையே சிரிப்பில் அதிர்ந்தது. திரும்பினேன். ஒருத்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். இன்னொருத்தனுக்கு டீ மூக்கில் ஏறியிருந்தது. கூத்தையா மட்டும் பயந்து அடுப்புக்குப் பின்னால் பதுங்கி, "பாய், நீங்கதான் வையச் சொன்னீக, நீங்கதான் சொன்னீக" என்று கும்பிட்டான்.

அப்படி என்னதான் வைதான் என்று இன்றுவரை எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள்.

"அட, நெசமாவே செவிடுதான்யா!" என்றார் என் தோளைத் தட்டியவர். "அப்ப அந்த மெக்கானிக்குப் பய பாவமில்ல?" என்று பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. இரண்டு மூன்று பேர் எழுந்து மலையாண்டிக்கு இடம் விட்டார்கள். கூத்தையா அவனுக்கு டீ நீட்டினான். இந்தக் கதை அந்த மூணரை ரயிலிலேயே அவன் கூடவே ராமநாதபுரம் போய்விடும் என்று எனக்குத் தெரியும். நான் அவனைத் திருடனாக்கிய கதை அப்படித்தானே போனது! எனக்கு ஒரே சந்தோஷம். என் மானம் போன சந்தோஷத்தில் நானும் சேர்ந்து சிரித்தேன்.

மலையாண்டி சிரிக்கவில்லை. டீயையும் வாங்கவில்லை. ரயில் வருகிற சத்தம் கேட்டதும் கருவிப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்தான். வாய் அசைந்தது.

"என்னது?" என்றேன், சிரித்துக்கொண்டே, கையைக் காதில் குவித்து. "சத்தமாச் சொல்லு மலையாண்டி, இப்பத்தான் ஊருக்கே தெரிஞ்சுபோச்சே!"

அவன் கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். திரும்பச் சொல்ல அவனுக்கு இஷ்டமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் நான் குனிந்து காதை நீட்டிக்கொண்டு நின்றேன். சிரிப்புச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது.

"இனிமே ஒங்க வீட்டுப் படி ஏறமாட்டேன் பாய்னு சொன்னேன்," என்றான், கடை முழுக்கக் கேட்கும்படி.

எனக்கு ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. "சரிப்பா," என்றேன். அவன் ரயிலைப் பார்த்து நடந்தான்.