சுவருக்கு முன்னால் ஒரு சுவர்

அண்ணன் பாண்டீஸ்வரனும் தம்பி சுருளிராஜனும் பாகம் பிரித்துக்கொண்டபோது, பழனிசெட்டிபட்டியில் அப்பா கட்டிய வீட்டின் நடுக்கூடத்தில் குறுக்கே ஒரு சுவர் எழுப்பினார்கள். இரண்டு பக்கமும் இடம் குறையக் கூடாது என்று ஒரே செங்கல் கனத்தில் ஒற்றைக்கல் சுவரே போதும் என்றார்கள். மெயின் ரோட்டைப் பார்த்த பாதி அண்ணனுக்கு, பின்பக்கம் சந்து பார்த்த பாதி தம்பிக்கு. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போக அரிசி குடோனைச் சுற்றிக்கொண்டு சந்துக்குள் நுழைய வேண்டும். சத்தத்துக்கு அந்தச் சுற்று வேண்டியிருக்கவில்லை. இங்கே கடுகு வெடித்தால் அங்கே கேட்கும். அங்கே டம்ளர் உருண்டால் இங்கே திரும்பிப் பார்ப்பார்கள்.

பாண்டீஸ்வரனின் மனைவி ஜோதிலட்சுமிக்கு அது பழகிப்போயிருந்தது. சொல்லப்போனால் அது ஒரு வசதியாகவும் இருந்தது. சுருளிராஜனுக்கு லோயர் கேம்பில் மின்நிலையத்தில் ஒப்பந்த வேலை. ஷிப்டுக்குப் போனால் திரும்பி வர நேரம் காலம் கிடையாது. அவன் மனைவி மாரீஸ்வரி அந்தப் பாதி வீட்டில் மகளோடு தனியாகத்தான் இருப்பாள். மகள் மகாலட்சுமிக்கு எட்டு வயது. பிறந்ததிலிருந்தே கழுத்து நிற்கவில்லை, பேச்சு வரவில்லை. அடிக்கடி வலிப்பு வரும். வந்ததும் மாரீஸ்வரி சுவரில் தடதடவென்று தட்டுவாள். ஜோதி அடுப்பை அணைத்துவிட்டு குடோனைச் சுற்றி ஓடுவாள். ஒருத்தி பிள்ளையை ஒருக்களித்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தி மூக்கில் மருந்தை அடிப்பாள். கொஞ்ச நேரத்தில் உடம்பு தளர்ந்து மகா தூங்கிப்போவாள். அப்புறம் இருவரும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, எதிரெதிரே உட்கார்ந்து காபி குடிப்பார்கள்.

வலிப்பு இல்லாத நேரத்திலும் மகா அழுவாள். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. பசியா, வலியா, வெறுமனே தோன்றியதா என்று சொல்ல அவளுக்கு வாய் இல்லை. ஏறாமல் இறங்காமல், ஒரே இழுவையாக நீண்டுகொண்டே போகும் அழுகை. ஜோதியின் மகள் பிருந்தா நீட் தேர்வில் முதல் தடவை மார்க் வராமல், இரண்டாம் தடவைக்காக வீட்டிலிருந்தே படித்துக்கொண்டிருந்தாள். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள். மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தாள். ஒருநாள் புத்தகத்தைத் தரையில் எறிந்துவிட்டு, "என்னால முடியலம்மா. அவள எங்கயாச்சும் கொண்டுபோயி..." என்று ஆரம்பித்தாள். மிச்சத்தைச் சொல்லாமல் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பாண்டீஸ்வரன் தேனியில் மோட்டார் பம்பு கடை வைத்திருந்தார். அவர்தான் ஸ்டீவனை அழைத்து வந்தார். ஸ்டீவன் போடிக்காரன். கடைகளுக்கும் ஸ்கேன் சென்டர்களுக்கும் உள்சுவர் வேலை செய்கிறவன். விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஜோதியிடம் சொன்னான்.

"ஒத்தக்கல்லு சொவருதான்க்கா இது. இதுக்கு மேல எத்தன தடவ பூசினாலும் சத்தம் நிக்காது. இத இடிக்க வேணாம், தொட வேணாம். இதுக்கு முன்னால கொஞ்சம் எடம் விட்டு இரும்புத் தகரச் சட்டம் நிறுத்துவோம். சட்டத்துக்கும் சொவருக்கும் நடுவுல ரப்பர் வச்ச கிளிப்பு மட்டுந்தான். அந்த எடவெளியில கிளாஸ் வூல்ங்கிற கண்ணாடிப் பஞ்ச அடச்சு, மேல ரெண்டு அடுக்கு ஜிப்சம் போர்டு. அதுக்கு மேல பூச்சு. பாத்தா சாதாரண சொவரு மாதிரிதான் இருக்கும்."

"ஒண்ணும் கேக்காதா?" என்றார் பாண்டீஸ்வரன்.

"ரோட்டுச் சத்தம் ஜன்னல் வழியா வரும். அந்த வீட்டுச் சத்தம் வராது."

மாரீஸ்வரியிடம் இதை எப்படிச் சொல்வது என்று ஜோதி இரண்டு நாள் தவித்தாள். கடைசியில் கொஞ்சம் கொழுக்கட்டை செய்து எடுத்துக்கொண்டு போனாள். மாரீஸ்வரி மகாவை மடியில் சாய்த்து, கோழிக்குஞ்சுக்கு ஊட்டுவதுபோல் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். ஜோதி சொல்லி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. பிறகு சொன்னாள்.

"நானே ஒங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன்க்கா. இவ அழுறப்ப, அங்கன பிருந்தா படிக்குதேன்னு இவ வாயப் பொத்துவேன். பொத்தக் கூடாதுதான். மூச்சு முட்டும். இருந்தாலும் பொத்துவேன்."

ஜோதி கொழுக்கட்டைப் பாத்திரத்தைத் தரையில் வைத்தாள்.

"போட்டுருங்கக்கா. அதுக்கப்புறம் இவ இஷ்டத்துக்கு அழுகட்டும்."

"தட்டுனா கேக்காதுடி. போன்ல ஒரு ரிங் விடு. அடுத்த நிமிசம் வந்து நிப்பேன்."

"வராம எங்க போயிருவீக" என்று சிரித்தாள் மாரீஸ்வரி.

வேலை ஒரு வாரத்தில் முடிந்தது. வெள்ளைப் பூச்சு காய்ந்து, அதன் மேல் தந்த நிறத்தில் பெயிண்ட் அடித்தார்கள். ஸ்டீவன் கிளம்புவதற்கு முன் சோதித்துப் பார்க்கச் சொன்னான். ஜோதி கூடத்தில் நின்றுகொண்டு மாரீஸ்வரிக்குப் போன் போட்டாள்.

"ரேடியோவச் சத்தமா வச்சிருக்கேன்க்கா. கேக்குதா?"

"கேக்கல."

"இப்ப சொவத்துல தட்டுறேன்."

"கேக்கலத்தா."

"மகாவும் அழ ஆரம்பிச்சிட்டா. இதுவும் கேக்கலையா?"

போன் வழியாக அந்த அழுகை ஜோதியின் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. போனை வைத்ததும் கூடம் கிணற்றுக்குள் போனதுபோல் ஆனது. ஸ்டீவனுக்கு முகமெல்லாம் மலர்ந்திருந்தது. ஜோதியும் சந்தோஷப்பட்டாள். பொய் சொல்வானேன், அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதன்பிறகு அந்த வீட்டில் ஒரு அமைதி வந்து குடியேறியது. பிருந்தாவின் மாதிரித் தேர்வு மார்க் ஏறிக்கொண்டே போனது. பாண்டீஸ்வரன் கூடத்திலேயே பாய் போட்டுத் தூங்கினார். ஜோதிக்கு அந்தச் சுவரின் வழவழப்பு பிடித்திருந்தது. மத்தியானம் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு காய் நறுக்குவாள். மாரீஸ்வரி சில தடவை போன் செய்தாள். ஜோதி ஒவ்வொரு தடவையும் ஓடினாள். முன்பு அழுகையைக் கேட்டே நாலு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போது போன் வந்தால் மட்டும் போனாள். அது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிருந்தா நிஜத் தேர்வு நேரத்திலேயே உட்கார்ந்து முழுத் தேர்வு எழுதிப் பார்ப்பாள். அந்த நேரத்தில் வீட்டில் டிவி கிடையாது, மிக்சி கிடையாது. போன்களைச் சத்தமில்லாமல் வைத்துவிட வேண்டும் என்று பாண்டீஸ்வரன் சட்டம் போட்டிருந்தார். அந்த ஞாயிறும் ஜோதி போனை அப்படி வைத்து பிரிட்ஜ் மேல் போட்டாள். சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்து, சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்தாள். வெங்காயம் கண்ணைக் கரித்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். ரோட்டுப் பக்கம் ஒரு ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. குமுளி ரோட்டில் எத்தனையோ ஆம்புலன்ஸ் போகும், வரும். பிருந்தாவுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

தேர்வு முடிந்து போனை எடுத்தபோது திரையெல்லாம் மாரீஸ்வரி பெயராக இருந்தது. அவற்றுக்குக் கீழே சுருளிராஜன் பெயர். ஜோதி செருப்புப் போடாமல் ஓடினாள். சந்து வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. பாயில் மகாவின் துண்டு. மருந்துக் குப்பி மூடி கழன்று சுவரோரம் உருண்டு கிடந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இந்தத் தடவை வலிப்பு நிற்கவே இல்லையாம். மூச்சு அடைத்துவிட்டதாம். வராந்தாவில் மாரீஸ்வரி பெஞ்சில் உட்காராமல் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ஜோதியைப் பார்த்ததும், "வந்துட்டீகளாக்கா" என்றாள். வழக்கமாகக் கேட்பதுபோல்தான் கேட்டாள்.

குழந்தை என்பதால் எரிக்கவில்லை. முல்லையாற்றுப் பக்கம் புதைத்தார்கள். கேதத்துக்கு வந்த பெண்கள் மாரீஸ்வரியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பெரியகுளத்திலிருந்து வந்த அவளுடைய சித்தி பஞ்சம்மாள் அவள் கையைப் பிடித்துத் தடவியவள் திடுக்கிட்டாள். வலது உள்ளங்கையின் ஓரம் சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டுவரை வீங்கி, நீலம் பாரித்திருந்தது.

"என்னத்தா இது, கையி இப்பிடி வீங்கியிருக்கு?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன் சித்தி."

சொல்லும்போது மாரீஸ்வரி ஜோதியைப் பார்க்கவில்லை. ஜோதி எதிரே உட்கார்ந்திருந்தாள். அந்த நீலத்தையே பார்த்தாள். கேட்காது என்று தெரிந்தும் மாரீஸ்வரி சுவரில் தட்டியிருக்கிறாள். வெங்காயம் உரித்துக்கொண்டு, முதுகைச் சாய்த்துக்கொண்டு தான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் பின்னால் நின்று, கை வீங்கும்வரை தட்டியிருக்கிறாள். ஜோதி எழுந்து வெளியே போய், குடோன் சுவரோரம் குனிந்து வாந்தி எடுத்தாள்.

சடங்கெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பினார்கள். சுருளிராஜனும் வேலைக்குத் திரும்பினான். சந்து வீட்டில் மாரீஸ்வரி மட்டும். ஜோதி தினமும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தாள். மாரீஸ்வரி வாங்கி வைத்துக்கொள்வாள், மறுநாள் பாத்திரத்தைக் கழுவிக் கொடுப்பாள். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வீட்டுக்கு வந்து ஜோதி சுவரில் காதை வைத்துப் பார்ப்பாள். ஒன்றும் கேட்காது. அவள் அழுகிறாளா, தூங்குகிறாளா, எழுந்து நடக்கிறாளா, ஒன்றும் தெரியாது.

"இத எடுத்துருவோம்ங்க" என்றாள் ஒருநாள் பாண்டீஸ்வரனிடம்.

அவர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். "எடுத்துட்டா புள்ள வந்துருமா ஜோதி?"

"வராது. அங்கன ஒருத்தி தனியாக் கெடக்கா. அவ செத்தாக்கூட எனக்குக் கேக்காது."

அறைக்குள்ளிருந்து பிருந்தா வந்து, "எடுங்கப்பா" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஸ்டீவன் வந்தான். விஷயம் அவனுக்கும் தெரிந்திருந்தது. ஏன் என்று கேட்கவில்லை. "போர்டு ஒடஞ்சுதான் வரும்க்கா" என்று மட்டும் சொன்னான். வெள்ளைத் தூள் கூடமெங்கும் பறந்தது. மஞ்சள் பஞ்சை உருவிச் சாக்கில் அடைத்தான். சட்டங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாய்த்து வைத்தான். பின்னால் பழைய சுவர், ஊதா பெயிண்ட் உரிந்து, ஆணி ஓட்டைகளோடு அப்படியே நின்றது. அவன் தூசியைக் கூட்டி அள்ளிக்கொண்டு, கூலி வாங்காமல் போய்விட்டான்.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் ஜோதி விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் கரண்டி கிண்ணத்தில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு மாரீஸ்வரியின் குரல், தணிவாக, கொஞ்சலாக.

"ஆ காட்டு ராசாத்தி. ஒரு வாயி. இந்தா, அம்மா ஊதித் தாரேன்."

ஜோதி தீப்பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். கதவு திறந்துதான் இருந்தது. மாரீஸ்வரி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் கஞ்சிக் கிண்ணம். ஜோதியைப் பார்த்ததும் கரண்டியை மெல்லக் கீழே வைத்தாள்.

"கேட்டுச்சாக்கா?"

"கேட்டுச்சு."

"சொவர எடுத்துட்டீகளா? மத்தியானம் என்னமோ இடிக்கிற சத்தம் வந்துச்சு."

ஜோதி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அன்னைக்கி நீ தட்டுனதானே?"

மாரீஸ்வரி கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "தட்டுனேன். போன் அடிச்சுப் பாத்தேன், எடுக்கல. இவள விட்டுட்டு வெளிய ஓட முடியல. கேக்காதுன்னு தெரியும்க்கா. நாமதானே சோதிச்சுப் பாத்தோம். இருந்தாலும் கை தட்டிக்கிட்டே இருந்துச்சு."

"நான் இங்கனதான் இருந்தேன் மாரி. இந்தச் சொவத்துலதான் சாஞ்சிருந்தேன்."

"டாக்டரு சொன்னாக, யாரு வந்திருந்தாலும் நிப்பாட்டியிருக்க முடியாதுன்னு. மருந்து ரெண்டு தடவ அடிச்சேன், கேக்கல. நீங்க வந்தாலும் போயிருப்பா." வலது கையைத் தடவிக்கொண்டாள். "ஆனா நீங்க வந்திருந்தா, ரெண்டு பேரும் பிடிச்சிருப்போம்ல. அவளுக்கு நாலு கை இருந்திருக்கும்."

அதன்பிறகுதான் அவள் அழுதாள். ஜோதி அவளைத் தொட்டாளா, அவள் தொட விட்டாளா என்பதெல்லாம் இருவருக்கும் பிற்பாடு நினைவில்லை. வெகுநேரம் கழித்து எழுந்து, ஆறிப்போன கஞ்சியை ஜோதி தொட்டிப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டினாள்.

பிருந்தா அந்த வருடம் தேர்வு எழுதினாள். மார்க் நல்லபடியாக வந்தது. வீட்டில் யாரும் இனிப்பு வாங்கவில்லை. சுருளிராஜன் லோயர் கேம்பிலேயே ஒரு வீடு பார்த்துவிட்டான். சாமான் கட்டுகிற நாளில் மகாவின் தள்ளு நாற்காலி மிஞ்சியது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் மாரீஸ்வரி வாசலில் நின்றாள். பெரியகுளத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருப்பதாக ஜோதி சொன்னாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நாற்காலியைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஒரு சிறுமியை அதில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். இடுப்பு வார் இறுக்கமாக இருந்தது. ஆயா தளர்த்தத் தெரியாமல் இழுத்தாள். மாரீஸ்வரி மண்டியிட்டு, கொக்கியைத் திருப்பி, வாரை இரண்டு ஓட்டை தள்ளி மாட்டினாள். அந்தப் பிள்ளை அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது. அதுவாக விடும்வரை அவள் அசையாமல் குனிந்தே இருந்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டமில்லை. இரண்டு பேர் உட்காரும் இருக்கை ஒன்று காலியாக இருந்தது. ஜோதி ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தாள். மாரீஸ்வரி அவளுக்கு முன்னால் இன்னொரு இருக்கையில் தனியாக உட்கார்ந்துகொண்டாள். மாந்தோப்புகள் போய்க்கொண்டிருந்தன. ஜோதி அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். தேனி பஸ் ஸ்டாண்டில் மாரீஸ்வரிதான் முதலில் இறங்கினாள். இறங்கியவள் போய்விடவில்லை. படிக்கட்டுக்குக் கீழே, வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு, ஜோதி இறங்கி வரும்வரை நின்றிருந்தாள்.