லோவலை வீட்டுக்குக் கூட்டிவந்தது

நாற்பத்தொன்பது வருஷம் என்னோடு குடும்பம் நடத்திய மனுஷன், சாகப் போகிற நேரத்தில் வீட்டுக்கு வரமாட்டேன் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

புற்றுநோய் ஈரலுக்கு வந்துவிட்டது. இனி மருந்து பலிக்காது, வீட்டுக்கே நர்ஸை அனுப்பி வலியில்லாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஏரி தெரிகிற முன்னறையைக் காலி செய்துவைத்தேன். லோவல் ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு அசையவில்லை.

"இங்க செத்தா அடக்கத்துக்கு கவர்மெண்ட்டு கூடுதலா குடுக்கும். ஊருக்குக் கொண்டுபோற செலவும் அவங்களோடது. வீட்டுல செத்தா அது போச்சு. ராய் பொண்டாட்டி பட்ட பாட்டைப் பார்த்தேல்ல?"

ராய் வியட்நாம் போரில் அவரோடு இருந்தவர். கடைசி நாலு நாளுக்கு வீட்டுக்குப் போய்ச் செத்தார். அடக்கச் செலவுக்கு அவர் மனைவி வண்டியை விற்றாள்.

"அதுக்காக என்னை அங்க தனியா விட்டுட்டு இங்க கிடப்பியா?"

"உனக்காகத்தான் கிடக்கேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் எங்கள் மாவட்டத்தில் முன்னாள் ராணுவத்தினர் விவகாரம் பார்க்கிற டெல்ஃபீனைக் கையோடு கூட்டிப்போனேன். ஈராக் போரில் இருந்தவள், யாருக்கும் பயப்படமாட்டாள்.

"சார்ஜெண்ட், ராய் கதை பழைய கதை. சட்டம் மாறிடுச்சு. இவங்களே உங்களை வீட்டுக்கு அனுப்பி, கடைசிக் காலத்துல வலியில்லாம பார்த்துக்கிற இவங்க ஹாஸ்பைஸ் பொறுப்புல வீட்டுல செத்தாலும், இங்க செத்த மாதிரிதான்."

"எழுத்துல இருக்கா?"

காகிதத்தை நீட்டினாள். கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார்.

"இந்தச் சட்டம் அடுத்த செப்டம்பர் வரைக்கும்தானா? அதுக்கு மேல இழுத்துட்டா?"

"டாக்டர் சொல்றதைப் பார்த்தா, நீங்க அவ்வளவு நாள் இழுக்க மாட்டீங்க சார்ஜெண்ட்."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு லோவல் வாய்விட்டுச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தோம். நர்ஸ் மருந்து கொடுத்துவிட்டுக் கிளம்பியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன், மார்லிஸ். அந்தப் பயத்துலதான் நீ வர்றப்பெல்லாம் பாதி நேரம் தூங்குற மாதிரி கிடந்தேன்."

"பாவி மனுஷா," என்று அழுதபடியே அவர் பக்கத்தில் ஏறிப் படுத்தேன். ஆஸ்பத்திரி அனுப்பிய அந்தக் கட்டில் இரண்டு பேருக்குப் போதவில்லை. அவர் சுவரோரம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.