ஸ்பானிஷ் பிளேட்டும் ஆர்லெத்தின் மூச்சும்

"ஒரு தடவை போட்டுக் கேக்காம அந்தக் கிராமபோன் பிளேட்டுங்களை வாங்கினீங்கன்னா, சத்தியமா நான் கப்பல் ஏற மாட்டேன்!"

"கேக்கறதுக்கு என்னடி இருக்கு? இதோ பட்டியல். பன்னிரண்டு பிளேட்டு, எல்லாம் நல்ல நிலைமை. கீழே கையெழுத்து, முத்திரை. கோர்ட்டுல முப்பது வருஷம் குமாஸ்தாவா இருந்தவனுக்கே பாடமா?"

"முத்திரை பேசுமாங்க?"

ஆட்டுக்கல்லை நிறுத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். இதற்கு மேல் ஒருத்தி எப்படி மாவாட்டுவாள்?

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இன்று இறங்கும், நாளை இறங்கும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த ஐம்பத்து நாலாம் வருஷம் அது. பக்கத்து வீட்டுப் பிரான்சுவாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை, பிரெஞ்சுப் பென்ஷன். கொடியோடு பென்ஷனும் இறங்கிவிடுமோ என்று மனுஷனுக்குத் தூக்கமில்லை. மகன் சார்ல் அல்ஜீரியாவில், ஒரான் துறைமுகத்தில் வேலை பார்த்தான். எல்லாரும் இங்கேயே வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "இங்கே ஆபீசில்தான் பிரெஞ்சு. எங்கள் தெருவில் பொம்பளைகள் எல்லாருக்கும் ஸ்பானிஷ்தான் வாயில் வரும். பகலில் ஆம்பளைகள் யாரும் இருக்க மாட்டார்கள்" என்றும் சேர்த்து எழுதிவிட்டான்.

அந்த ரெண்டு வரிதான் அவர் சம்சாரம் ஆர்லெத்தைப் பிடித்துக்கொண்டது. அவளுக்கு இழுப்பு உண்டு. வந்தால் உதடு நீலமாகிவிடும். பகல் நேரத்தில், புருஷனும் மகனும் இல்லாத வீட்டில், ஒரு மொழியும் புரியாத பொம்பளைகளுக்கு நடுவில் மூச்சு முட்டினால்? எனக்கு முறுக்கு கொடுக்கும்போதும் அதே பேச்சு. "என்ன செய்யுதுன்னு சொல்லத் தெரியாமயே போயிடுவேன்க்கா." முறுக்கு என் கையில் அப்படியே நின்றுவிடும்.

அதனால்தான் கிராமபோனில் கேட்டு வீட்டிலேயே படிக்கிற ஸ்பானிஷ் பாடம் தேடினார்கள். நாகப்பட்டினத்துப் பழைய சாமான் கடையில் ஒன்று மலிவாக இருந்தது. ஆனால் விளக்கமெல்லாம் இங்கிலீஷ். இங்கிலீஷ் என்றால் பிரான்சுவா மூக்கைச் சுளிப்பார், தெரியாததால். புதுச்சேரியிலிருந்து வரவழைக்கலாம் என்றால் விலை யானை விலை, வழியில் சுங்கச் சோதனை வேறு. கடைசியில் ஊரைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் சம்சாரம் தன் செட்டைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னாள். பிரெஞ்சு விளக்கப் புத்தகமும் சேர்த்து. ஒன்பதாவது பாடத்தின் தலைப்பு, 'டாக்டரிடம்'. ஆர்லெத் அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தாளாம். அவள் மகள் மத்லேன்தான் சொன்னாள். நானாகக் கேட்கவில்லை, ரெண்டு தடவைதான் கேட்டேன்.

முத்திரை ஜெயித்தது. பிரான்சுவா பட்டியலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய், பிளேட்டுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

தெருவில் கிராமபோன் இருந்தது கமருன்னிசா வீட்டில் மட்டும். அவள் புருஷன் கமாலுதீன் சைகோனிலிருந்து கொண்டுவந்தது. சாயங்காலம் மூன்று பேரும் அங்கே போனார்கள். அவளிடம் இரவல் வாங்கிய முறத்தைத் திருப்பிக் கொடுக்க எனக்கும் அப்போதுதான் நேரம் வாய்த்தது.

"முதல் பாடத்திலேருந்து வருவோம்" என்றார் பிரான்சுவா.

"ஒன்பதைப் போடுங்க" என்றாள் ஆர்லெத்.

முள் இறங்கியது. கரகரவென்று கொஞ்சம். பிறகு ஓர் ஆம்பளைக் குரல், நிதானமாக: "நோ புவேதோ ரெஸ்பிரார்." டக். "நோ புவேதோ ரெஸ்பிரார்." டக். பிளேட்டில் மயிரிழை விரிசல். அந்தம்மா வீட்டில் விட்டதா, சைக்கிளில் விட்டதா, யார் கண்டது? முள் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது.

"என்னங்க சொல்றான்?"

பிரான்சுவா புத்தகத்தைப் புரட்டினார். முகம் வெளுத்தது. "என்னால... மூச்சு விட முடியலன்னு."

"நோ புவேதோ ரெஸ்பிரார்." டக்.

"நிப்பாட்டுங்க முசியே, யா அல்லா!" என்று கமருன்னிசா பதறினாள். அவர் முள்ளை எடுத்துத் தள்ளி வைத்தார். டாக்டர் பதில் சொல்லவேண்டிய இடத்தில் வெறும் இரைச்சல்.

"பதில் புஸ்தகத்துல இருக்கு. நான் படிச்சுக் காட்றேன்..."

"நீங்க படிச்சா உங்க குரலுங்க. அந்த ஊருக்காரங்க என்கிட்ட எப்படிப் பேசுவாங்கன்னு தெரிய வேணாமா?" என்றவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். விசில் மாதிரி ஒரு சத்தம் அவள் தொண்டையிலிருந்து வந்தது. உதடு நிறம் மாறியது.

பிரான்சுவா கையில் புத்தகத்தோடு மரமாக நின்றார். மத்லேன் அழ ஆரம்பித்தாள். கமருன்னிசாதான் ஜன்னலைத் திறந்தாள். ஆர்லெத்தை முன்பக்கம் சாய்த்து, மடியில் ரெண்டு தலையணை அடுக்கி, "அடுப்புல கடுங்காப்பி வைங்கக்கா, ஓடுங்க!" என்று என்னை விரட்டினாள். ஆர்லெத் ஒரு வார்த்தை பேசவில்லை. விரலை லேசாக அசைத்தாள். கமருன்னிசா கழுத்துக் கொக்கியைத் தளர்த்தினாள். கால்மணி நேரம். எனக்கு அது ஒரு நோன்பு நாள் அளவு நீண்டது.

மூச்சு திரும்பியதும் ஆர்லெத் புருஷனைத்தான் பார்த்தாள். கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"மூச்சு முட்டுனா எனக்குத் தமிழே வரலீங்க. பன்னிரண்டு பிளேட்டையும் மனப்பாடம் பண்ணாலும் ஸ்பானிஷ் எங்கேருந்து வரும்?"

"சார்ல் இருக்கான், நான் இருக்கேன்..."

"இப்பவும் இருந்தீங்களே."

அவர் சட்டைப்பையிலிருந்து முத்திரை போட்ட பட்டியலை எடுத்து, பிளேட்டுகளோடு வைத்தார்.

நவம்பரில் கொடி இறங்கியது. பொங்கல் கழிந்து பிரான்சுவாவும் மத்லேனும் கப்பல் ஏறினார்கள். ஆர்லெத் கமருன்னிசா வீட்டுப் பின்கட்டுக்குக் குடி மாறினாள். பயந்தபடி பென்ஷன் நிற்கவில்லை. பாதி மாதாமாதம் அவளுக்கு வந்தது. மத்லேன் ஒரானில் அதே தெருவில் ஸ்பானிஷ் பேசும் தச்சன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள், பாடமே படிக்காமல். ஐம்பத்தெட்டில் கமாலுதீன் குடும்பத்தைச் சைகோனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஆர்லெத் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது எங்களுக்கு நடுவில் சுவர் இல்லை. ராத்திரியில் அவள் மூச்சு சீராக வருகிறதா என்று கேட்டுக்கொண்டு நான்தான் விழித்திருக்கிறேன்.