கால் சார் விழுந்த காலை

மைதானத்தில் அவருக்குக் கால் சார் என்று பெயர். ஓட்டுநர் உரிமம் வாங்க வந்தவர்கள் வைத்த பெயர் அது. மோட்டார் சைக்கிளில் எட்டுப் போட்டுக் காட்டும்போது கால் நுனி தரையில் பட்டால் போதும், நாற்காலியில் உட்கார்ந்தபடியே "கால்!" என்று ஒரு சத்தம் போடுவார். அதோடு அன்றைய தேர்வு முடிந்தது, இனி அடுத்த மாதம்தான். பத்தொன்பது வருடமாக அவர் பார்க்கிற வேலை இதுதான். கெட்டவர் இல்லை. கால் பட்டதா படவில்லையா என்பதில் பேச ஒன்றுமில்லை என்று நினைக்கிறவர், அவ்வளவுதான்.

இரண்டு மாதமாக அவருக்குச் சரியான தூக்கம் கிடையாது. குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்ட அக்கா, அறுவை சிகிச்சை முடிந்து இவர் வீட்டில்தான் படுத்திருந்தாள். இரவில் மூன்று தடவையாவது கூப்பிடுவாள். மனைவிக்கு பேக்கரியில் வேலை, விடியுமுன் கிளம்பிவிடுவாள். ஆகவே காலையில் அக்காவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது இவர் பொறுப்பு.

"டேய், நான் என்ன அரிசி மூட்டையா? மெதுவாடா."

"கழுத்தப் பிடிச்சுக்கோக்கா. சட்டையப் பிடிக்காத, பட்டன் போயிடும்."

அன்று பட்டன் போயே விட்டது. வேறு சட்டை தேய்க்க நேரமில்லாமல் அதையே போட்டுக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் கண் எரிந்தது.

மைதானத்தின் வாசலில் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். காவலாளி கதவைத் திறக்கட்டும் என்று வண்டியை நிறுத்தி இடது காலை ஊன்றினார். ஊன்றிய இடத்தில் ஜல்லி சிதறிக் கிடந்தது, போதாக்குறைக்கு ஒரு சரிவும். கால் சறுக்கியது. வண்டி மெல்லச் சாய்ந்தது. பிடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு, பிடிக்க முடியாது என்று தெரிந்தது. பிறகு, நாற்பது பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. இதையெல்லாம் நினைக்க அவகாசம் இருந்தது, ஒன்றைக்கூடச் செய்ய அவகாசம் இல்லை. பெரிய வண்டி அது. படுக்கப் போகிற எருமையைப் போல நிதானமாகச் சரிந்து, அவரையும் கூட்டிக்கொண்டு தரையில் சாய்ந்தது. முன்பக்கத்து இரும்புக் கம்பி தாங்கியதால் கால் தப்பித்தது.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியாமல் போனது. இன்று பாஸ் போட வேண்டியவர் கீழே கிடக்கிறார், எவன் சிரிப்பான்?

"தரை சரியில்ல சார்," என்றார் ஒருவர்.

"பிரேக் பிடிச்சிருக்கும் சார். இந்த மாடல்ல அப்படி வரும்," என்றார் இன்னொருவர். நின்றுகொண்டிருந்த வண்டிக்கு எதற்கு பிரேக் என்று யாரும் கேட்கவில்லை.

அப்போதுதான் வரிசையின் நடுவிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. வாயைப் பொத்தியும் அடங்காத சிரிப்பு. பார்த்தால் தையல்காரம்மா. மருத்துவமனைகளுக்குத் திரைச்சீலையும் மேலங்கியும் தைத்துக் கொடுக்கிறவள். கணவர் கப்பல் வேலைக்குப் போய்விட, வீட்டில் சும்மா நின்ற அவருடைய வண்டியிலேயே துணிக்கட்டுகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்று உரிமத்துக்கு அலைகிறவள். மூன்று முறை "கால்!" வாங்கியிருக்கிறாள்.

எழுந்து ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தார் கால் சார். வண்டி அசையவில்லை. முதுகில் சுளீரென்றது.

"இழுக்காதீங்க சார், இடுப்பு போயிடும்," என்று சொல்லிக்கொண்டே தையல்காரம்மா வந்தாள். "மொதல்ல சாவிய திருப்பி ஆஃப் பண்ணுங்க. கியர்ல இருக்குல்ல? சரி. இப்போ வண்டிக்கு முதுகக் காட்டி, சீட்டுல சாஞ்ச மாதிரி குந்துங்க. நீங்க ஹேண்டில் பக்கம், நான் பின்னாடி. காலாலதான் தூக்கணும், கையால இல்ல."

இருவரும் முதுகைக் கொடுத்துக் குந்தினார்கள். பொத்தான் இல்லாத சட்டை காற்றில் விரிந்தது. அடிமேல் அடியாகப் பின்னால் நகர, வண்டி சொன்ன பேச்சுக் கேட்டு எழுந்து நின்றது.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"ஆறு தடவ கீழ போட்டிருக்கேன் சார். ஆறும் நின்னப்பதான். ஓடும்போது அதுபாட்டுக்கு ஓடுது. நிறுத்தினாத்தான் அதுக்கு நம்ம மேல கோவம் வருது." கொஞ்சம் தயங்கி, "சிரிச்சிட்டேன், மன்னிச்சிருங்க," என்றாள்.

"பரவால்ல," என்றார். நிஜமாகவே பரவாயில்லை என்றுதான் இருந்தது.

தேர்வு தொடங்கியது. பத்துப் பேர் முடித்தார்கள். பதினொன்றாவதாக தையல்காரம்மா. வெயில் ஏறியிருந்தது. முதல் சுற்று ஒழுங்காகப் போனது. இரண்டாவது சுற்றின் வளைவில் வண்டி திரும்பியது அவருக்கு நினைவிருக்கிறது. அடுத்து நினைவுக்கு வந்தது, வண்டி எட்டை முடித்துக் கோட்டுக்கு வெளியே வந்து நின்றதும் எல்லோரும் அவர் வாயைப் பார்த்ததும். இடையில் என்ன நடந்தது என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கியிருக்கிறார்.

எழுந்து அவளருகே போனார். "கால் பட்டுச்சா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. "பட்டுச்சு சார்," என்றாள். "நீங்க பாக்கலையா?"

"பாக்கல."

"அப்போ?"

"பாக்காதத நான் எப்படி எழுதறது? இது என் தப்பு. மறுபடி போடுங்க."

கைகளைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு அவள் மறுபடி எட்டுப் போட்டாள். இந்த முறை அவர் உட்காரவில்லை. கோட்டை ஒட்டி நின்று, இமைக்காமல், அவள் காலை மட்டுமே பார்த்தார். வளைவில் வண்டி ஆடியது, கால் வெளியே நீண்டது, தரைக்கு விரற்கடை மேலே நின்றது, திரும்ப உள்ளே போனது. வரிசையிலிருந்து யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"பாஸ்," என்றார்.

அவள் குதிக்கவில்லை, கும்பிடவும் இல்லை. "அப்பாடா," என்று சொல்லி வண்டியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டாவது ஆளைக் கூப்பிட வாயெடுத்தவருக்குக் கூப்பிட மனம் வரவில்லை. இந்த இரண்டு மாதத்தில் எத்தனை கால்களைப் பார்க்காமல் விட்டிருப்பார்? படாத கால் எத்தனைக்குச் சத்தம் போட்டிருப்பார்? எண்ணிப் பார்க்கவே பயமாக இருந்தது. "இன்னைக்கு இதோட முடிஞ்சுது. நாளைக்கு வேற ஆபீசர் வருவாங்க. தப்பு என்னோடதுதான்," என்றார். வரிசை சலசலத்தது. லீவு போட்டுவிட்டு வந்தவர்கள் முகத்துக்கு நேராகவே திட்டினார்கள். கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு மேலதிகாரி அம்மாவின் அறைக்குப் போனார்.

"வாசல்ல விழுந்தீங்களாமே, அடி எதுவும் படலையே?" என்றார் அந்த அம்மா.

"விழுந்தது பெரிசில்லம்மா. பரீட்சை நடக்கறப்ப தூங்கிட்டேன். கொஞ்ச நாளைக்கு என்னை மைதானத்துல போடாதீங்க."

அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இத நீங்களே வந்து சொல்றீங்க."

"வேற யாரு சொல்லுவாங்க?"

ஒரு மாதத்துக்குக் கோப்பு அறை வேலை என்று முடிவானது. அன்றைக்கு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். வண்டியை எடுக்கத் தைரியம் வரவில்லை. காவலாளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

தோளை யாரோ தட்டினார்கள். டிரைவர். பஸ்ஸில் வேறு யாரும் இல்லை.

"சார், கடைசி ஸ்டாப்பு. எங்க எறங்கணும் நீங்க?"

அவருடைய நிறுத்தம் தாண்டி ஏழு நிறுத்தங்கள் ஆகியிருந்தன. "திரும்ப எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டார்.

"இருபது நிமிஷம் ஆகும்."

"அதுவரைக்கும் எழுப்பாதீங்க," என்று சொல்லி, கால் சார் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.