விழுங்குவதைப் பார்க்க ஒருவர்

காசநோய் என்று தெரிந்ததும் பிரேம்நாத் தன் மனைவி சாந்தகுமாரியையும் மகளையும் தன்லியின் என்ற ஊரில் இருக்கும் மச்சினி வீட்டுக்கு அனுப்பிவைத்தான். சாதாரண மருந்துக்கு அடங்காத வகை, சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் சேர்ந்திருக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கார்மெண்ட் கம்பெனியில் தையல் மிஷின் பழுதுபார்க்கும் வேலையையும் விட்டாயிற்று. பர்மியத் தொழிலாளர்கள் நெருங்கி வாழும் லைங் தாயாவில் அவனுக்கு ஒரே ஓர் அறை, தகரக் கூரை, ஜன்னலுக்கு வெளியே சேறும் சகதியுமான முற்றம். அதற்கு அப்பால் கம்பெனி பஸ் வந்து நிற்கும் ரோடு. காம்பவுண்டில் கேட்டவர்களுக்கு முதுகுவலி என்று சொல்லிவைத்தான். நிஜம் தெரிந்தால் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிடுவார்.

தினமும் காலையில் சத்யபாமா போனில் வருவாள். நகரத்தின் இன்னொரு கோடியில், தாமுவேயில், ஓர் இலவச கிளினிக்கில் நர்ஸ். டீச்சரானாலும் நர்ஸானாலும் பர்மியர் வழக்கில் சயாமா என்பதுதான் மரியாதை. அவனும் அப்படித்தான் கூப்பிட்டான். அவன் மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்குவதை அவள் வீடியோவில் பார்ப்பாள். பிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்வாள். நடுவில் விட்டால் கிருமி மருந்தையே ஜெயித்துவிடும், பிறகு ஊரில் பரவுவதும் அந்தக் கிருமிதான் என்பதால் இந்த ஏற்பாடு. அவன் முகத்தை இன்னொரு மனுஷர் உற்றுப் பார்த்த நேரம் நாளில் அது ஒன்றுதான். அதற்காகச் சவரம் செய்துகொண்டு காத்திருப்பான்.

மழைக்காலம் பிடித்ததும் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகமாயிற்று. கரண்ட் போனால் செல்போன் டவர் ஜெனரேட்டரில் ஓடும். டீசல் தட்டுப்பாட்டில் அதுவும் ஓய்ந்தது. முதலில் சயாமாவின் முகம் அப்படியே உறைந்து நின்றது. பிறகு குரல் மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை. பஸ் ஏறி சிக்னல் உள்ள பக்கம் போகலாம் என்றால், நெரிசலில் அடுத்தவர் முகத்துக்கு நேரே இருமிக்கொண்டு போக அவனுக்கு மனம் ஒப்பவில்லை.

சில நாள் தானாகவே விழுங்கினான். குமட்டிக்கொண்டு வரும், பாதமெல்லாம் மரத்துப்போகும். “இன்னிக்குக் கொஞ்சம் பரவாயில்லையா, கோ பிரேம்?” என்று முன்பெல்லாம் போனில் சயாமா கேட்பாள்; ‘கோ’ என்றால் அங்கே அண்ணன். அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனையையும் பொறுத்துக்கொண்டிருந்தோம் என்பது இப்போதுதான் அவனுக்கே புரிந்தது. ஒருநாள், சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தான். அதற்கப்புறம் தொடவேயில்லை. வயிறு அடங்கியது, சோறு ருசித்தது, நோயே போய்விட்டதுபோலக்கூட இருந்தது. பிறகு மாலைக் காய்ச்சல் திரும்பி வந்தது.

ஒரு மத்தியானம் ஜன்னலை யாரோ தட்டினார்கள். மாஸ்க் போட்ட குட்டையான பெண், கையில் குடை. பேசியபோதுதான் சத்யபாமா என்று தெரிந்தது. இத்தனை குள்ளமாக இருப்பாள் என்று போனில் தெரிந்திருக்கவில்லை. திரையிலிருந்து காணாமல் போனவர்களை ஒவ்வொரு வீடாகத் தேடிக்கொண்டிருந்தாள். ஒருவர் ஊரைவிட்டே போய்விட்டாராம், இன்னொருவர் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறாராம்.

“மாத்திரை போடறீங்களா?”

“நிறுத்திட்டேன், சயாமா.”

“ஏன்?”

“பாக்க ஆள் இல்ல.”

அவள் திட்டவில்லை. சளியை மறுபடி சோதிக்க வேண்டும், மருந்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றாள். மகளைப் பார்ப்பது எப்போது என்று அவன் கேட்டதற்கு, சளி சுத்தமாகிற வரை வேண்டாம் என்றாள்.

“நெட்ட நம்பி உங்கள விட முடியாது. தினம் என்னாலயும் வர முடியாது. பக்கத்து ரூம்ல யாரு இருக்கா?”

“மா நுவேன்னு ஒரு பொம்பள, கம்பெனில தைக்கிறாங்க. பேசினதில்ல.”

“பேசுங்க.”

மறுநாள் மா நுவே வேலை முடிந்து வந்ததும், மாஸ்க்கை இறுக்கிக்கொண்டு முற்றத்தில் எட்டவே நின்றான். தனக்கு வந்திருப்பது முதுகுவலி இல்லை என்று பர்மியத்தில் சொன்னான். காலையில் பஸ் ஏறுமுன் தான் மாத்திரை விழுங்குவதைக் கொஞ்சம் நின்று பார்க்க முடியுமா என்று கேட்டான். அவள் வாசலில் நின்ற தன் சின்னப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

வீட்டுக்காரர் வந்துவிடுவார் என்று பிரேம்நாத் துணிமணிகளை மூட்டை கட்டினான். அவர் வரவில்லை. காலையில் ஜன்னலைத் திறந்தபோது, ரோட்டோரம் டிபன் கேரியரோடு நின்று மா நுவே இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஒவ்வொன்றாக விழுங்கி, பழக்கதோஷத்தில் வாயைத் திறந்து காட்டினான். அவ்வளவு தூரத்தில் என்ன தெரிந்திருக்கும்? அவள் தலையசைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

அப்படியே தொடர்ந்தது. ஒரு வார்த்தை பேசமாட்டாள். பிள்ளையை அவன் அறைப் பக்கம் விடமாட்டாள். அதை அவன் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. லீவு நாளிலும் அதே இடத்துக்கு வந்து நின்றுவிட்டுப் போவாள். நெட் எப்போதாவது வரும். அப்படி வந்த ஒரு நாள், கிருமி குறைந்திருக்கிறது, இன்னும் போகவில்லை என்று சயாமா சொல்லிக்கொண்டிருக்கும்போதே அறுந்துபோனது.

ஒருநாள் விடிகாலையிலிருந்தே கொட்டிய மழையில் முற்றம் குளமாகிவிட்டது. இன்று வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் தண்ணீர் டம்ளரை எடுத்தான். மா நுவே லுங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி தண்ணீரில் நடந்து வந்தாள். மழை மறைத்ததால் ஜன்னலுக்குச் சற்றுத் தள்ளி, கூரைக்கடியில் வந்து நின்றாள். கடைசி மாத்திரை உள்ளே போகும்வரை பார்த்தாள்.

“கசக்குமா?” என்று கேட்டாள்.

“இரும்ப நக்கின மாதிரி இருக்கும்.”

அவள் முகத்தைச் சுளித்தாள். ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் வேகமாக நடந்து போனாள். பஸ் கிளம்பும்வரை பிரேம்நாத் ஜன்னலிலேயே நின்றான்.