பிளக்கைப் பிடுங்கிய பூஜை

ஆயுத பூஜை முடிந்து ஆபீஸ் திறந்த அன்று சரிதாவுக்கு வந்த கோபத்தை அளக்க ஓசூர் சிப்காட்டில் ஒரு கருவியும் கிடையாது. அவள் பக்கத்தில் வைத்த காபி ஆற மறுத்தது. ஏசி தானாகவே இரண்டு டிகிரி ஏறியது.

காரணம் ஒரு மெயில். மேனேஜர் ராஜசேகர் அதை நாற்பத்தேழு பேருக்கு அனுப்பியிருந்தார். சரிதா எழுதிய புரோகிராம் கோடால் பில்ட் உடைந்துவிட்டதாம். மாலை நாலு மணிக்குள் சரியாகாவிட்டால், அவள் மூன்று மாதம் உட்கார்ந்து எழுதியதையெல்லாம் தூக்கிவிட்டு, சூளகிரி பம்ப் கம்பெனிக்குப் பழைய சாஃப்ட்வேரையே அனுப்புவார்களாம்.

அவர்கள் செய்யும் சாஃப்ட்வேரை விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று மூன்று மிஷின்களிலும் கட்டி, ஓட்டிப் பார்ப்பார்கள்; அதுதான் பில்ட். மூன்றும் பச்சை காட்டினால்தான் அது வாசலைத் தாண்டும். விண்டோஸ் பச்சை, மேக் பச்சை. லினக்ஸ் மட்டும் நெற்றியில் வைத்த குங்குமத்தைவிடச் சிவப்பு.

"ரெண்டுல ஓடுது இல்ல? அப்ப மிஷின்ல கோளாறு இல்லம்மா, உன் கோடுலதான்" என்று சொல்லிவிட்டு ராஜசேகர் மிச்சமிருந்த சுண்டலைச் சாப்பிடப் போனார்.

சரிதா பல்லைக் கடித்த சத்தம் அத்திப்பள்ளி டோல்கேட் வரைக்கும் கேட்டிருக்கும். தன் கோடை முழுக்க எடுத்துவிட்டு, போன வாரம் பச்சை காட்டிய பழைய கோடையே லினக்ஸில் ஓட்டினாள். அதுவும் சிவப்பு. அப்படியானால் கோளாறு மிஷினில்தான் என்று ராஜசேகரிடம் போய்ச் சொன்னாள். அவர் தலையை நிமிர்த்தாமலே, சாக்குச் சொல்லாமல் வேலையைப் பார் என்றார்.

மணி மூன்று. திரையில் வந்த நூற்றுச்சொச்சம் வரிகளையும் முதல் வரியிலிருந்து படித்தாள். கம்பெனியின் உள் சர்வரிலிருந்து கோப்பு எடுக்கும் இடத்திலேயே மிஷின் முரண்டு பிடித்திருந்தது. சர்வர் அசல்தான் என்று காட்டும் சான்றிதழ் இன்னும் அமலுக்கு வரவில்லையாம். போன மாதம் வாங்கிய சான்றிதழ் எப்படி அமலுக்கு வராமல் இருக்கும்? மிஷினிடம் தேதி கேட்டாள். ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்துப் பதினொன்று என்றது. அதன் கணக்கில் சரிதா இன்னும் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்துச் சீட்டு ஹரீஷ்குமாரிடம் இந்த மிஷினை யார் தொட்டது என்று கேட்டாள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"சார்தான்க்கா. அஞ்சு வருசமா ஓடுது, பூஜையன்னிக்காவது ஓய்வு குடுக்கணும்னு பிளக்கைப் புடுங்கி, மஞ்சத் துணியில சுத்தி வச்சாரு. காலையில அவரேதான் மாட்டுனாரு."

கரண்டு போனாலும் மிஷினின் கடிகாரத்தை ஓட வைக்க வேண்டிய, உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது. இன்டர்நெட்டிலிருந்து சரியான நேரம் வாங்கும் வழியையும் பாதுகாப்பு என்று அடைத்து வைத்தவர் அதே ராஜசேகர்தான்.

தேதியைத் திருத்தித் தன் கோடை மறுபடி ஓட்டினாள். மூன்று மணி நாற்பதுக்கு மூன்றும் பச்சை.

ராஜசேகர் ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் பூஜையில் உடைத்த பூசணிக்காய் மாதிரி வெளுத்தது. ஆனாலும் சிரித்தார்.

"இவ்ளோதானா? சரி விடும்மா. அப்ரூவ் பண்ணிடு."

சாஃப்ட்வேரை வெளியே அனுப்பும் அந்த அப்ரூவ் பொத்தானை, கோடை எழுதிய அவள் மட்டும்தான் அமுக்க முடியும். சரிதா கையைக் கட்டிக்கொண்டாள்.

"மெயில் நாப்பத்தேழு பேருக்குப் போட்டீங்க சார். இதையும் அந்த நாப்பத்தேழு பேருக்கும் போடுங்க."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மணி நாலாவப்போவுதும்மா, பம்ப் கம்பெனிக்காரன் காத்துட்டிருக்கான்."

"எனக்கும் தெரியுது சார். இந்த மிஷினுக்குத்தான் தெரியாமப் போச்சு."

ஹரீஷ்குமார் மேஜைக்கடியில் எதையோ தேடக் குனிந்தான். ராஜசேகர் நின்றபடியே ஒற்றை விரலில் தட்டினார்: சரிதாவின் கோடில் தவறில்லை, மின் இணைப்பு துண்டிக்கப்பட்டதால் கோளாறு.

படித்துப் பார்த்தவள் நாற்காலியைவிட்டு நகரவில்லை.

"துண்டிக்கப்பட்டதுன்னா? யாரு துண்டிச்சாங்கன்னு போடுங்க சார்."

மூன்று ஐம்பத்தெட்டுக்கு 'நான்' என்ற சொல் நாற்பத்தேழு பேருக்கும் போய்ச் சேர்ந்தது. ஐம்பத்தொன்பதுக்குச் சரிதா பொத்தானை அமுக்கினாள்.