சாட்சி இல்லாத ஆட்டம்

"நீங்க வேண்டாம்" என்றாள் மெரேட்டே.

சவப்பெட்டியின் ஆறாவது கைப்பிடியை நோக்கி நீண்ட கை பாதியில் நின்றது. ஃப்ளெமிங் கறுப்புக் கோட்டின் பொத்தான்கள் அத்தனையும் போட்டு, தலைமுடியை நீர் தொட்டு வாரியிருந்தார். தேவாலயத்தின் நடுப்பாதையில், ஆர்கன் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே, முன்வரிசைக்குக் கேட்கும்படிதான் அவள் அதைச் சொன்னாள்.

"இங்க பாரும்மா, தூக்க ஆறு பேர் வேணும்."

"அஞ்சு பேர் போதும். அப்பா ஒண்ணும் அவ்வளவு கனம் இல்ல."

ஐந்து பேர் தூக்கினார்கள். பெட்டி ஒரு மூலையில் தாழ்ந்தது. சித்தப்பா எய்விண்ட் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த மூலையின் பாரத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். ஆளில்லாத பித்தளைக் கைப்பிடி ஒவ்வொரு அடிக்கும் மரத்தில் தட்டியது. வாசற்படியிலும், கல்லறைத் தோட்டத்துச் சரளைக் கல்லிலும், குழி வரைக்கும் அது தட்டிக்கொண்டே வந்தது. ஃப்ளெமிங் கூட்டத்தின் கடைசியில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நடந்து வந்தார்.

சின்ன வயதில் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். அப்பா ஹோல்கரும் அவரும் சேர்ந்து தொடங்கியதுதான் துறைமுகத் தெருவின் பழைய பேக்கரி நிலவறையில் இருக்கும் விளையாட்டுச் சங்கம். காசு போட்டு நின்றுகொண்டே ஆடும் அந்தக் காலத்து வீடியோ கேம் இயந்திரங்களை எங்கெங்கிருந்தோ பொறுக்கி வந்து, பற்றவைத்து, துடைத்து, மறுபடி ஓடவைப்பார்கள். ஒரு மாதம் முட்டி மோதிச் சரிசெய்த சர்க்யூட் பலகை ஒரே மாலையில் புகைந்துபோகும். அதற்கும் சிரிப்பார்கள். ஒருமுறை ஹோல்கர் பழைய டி.வி.யில் இருப்பது போன்ற ஒரு திரைக்குழாய்க்காக ஹாம்பர்க் வரை தன் பழைய காரில் போனார். திரும்பும் வழியில் கார் படுத்துவிட்டது. இழுவண்டியின் முன்சீட்டில், மடியில் குழந்தையைப் போலக் குழாயை வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை மெரேட்டே பிறகு அதிகம் பார்த்ததில்லை.

அந்தக் குழாய் போய்ச் சேர்ந்த இயந்திரம் ஹோல்கருக்குச் சொந்தமானது, சங்கத்தில் வைத்திருந்தார். விண்கற்களைச் சுட்டு வீழ்த்தும் ஆட்டம். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் யாரும் தொடாத புள்ளி எண்ணிக்கையைத் தொட்டார். பக்கத்தில் சாட்சியாக உட்கார்ந்திருந்தவர் ஃப்ளெமிங் மட்டும்தான். கைகுலுக்கினார், தோளில் தட்டினார். அடுத்த கூட்டத்தில், சுவரில் இருக்கும் சாதனைப் பலகையில் பெயர் எழுதும் நேரம் வந்தபோது, "என் கார் ஸ்டார்ட் ஆகுதான்னு பார்க்க வெளியே போயிருந்தேன். முடிவை நான் பார்க்கல" என்றார். ஹோல்கர் திரையைப் படம் எடுத்து வைத்திருந்தார். சாட்சி இல்லாத படம் செல்லாது என்பது சங்கத்தின் விதி. இயந்திரத்துக்குள் அவர் ஏதோ கைவைத்திருப்பார் என்றுகூட யாரோ முணுமுணுத்தார்கள். அந்த மாதமே ஃப்ளெமிங் அதைத் தாண்டி ஆடினார், சாட்சிகளோடு. ஹோல்கர் அதன்பின் நிலவறைப் படி இறங்கவில்லை. தன் பழைய காரைப் பழுதுபார்த்துக்கொண்டு அதன் அடியிலேயே படுத்துக் கிடந்தார். கடைசியில் திறந்த பானெட்டுக்குப் பக்கத்தில்தான் செத்து விழுந்து கிடந்தார்.

இறுதிச் சடங்குக்குப் பிந்தைய காபியைச் சங்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று மெரேட்டே சொன்னபோது எல்லோரும் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

நிலவறையில் வெண்ணெய் தடவிய ரொட்டியும், பாலாடைக்கட்டியும், சின்னக் கிண்ணங்களில் கசப்புச் சாராயமும் இருந்தன. சூடேறிய தூசியின் வாசனை. மூலையில் அப்பாவின் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரும் அணைப்பதில்லை. அந்தக் காலத்து இயந்திரத்துக்கு மின்சாரம் இருக்கும்வரைதான் ஞாபகம். அணைத்தால் பட்டியலில் இருக்கும் பெயர்கள் போய்விடும். மின்வெட்டுக்குப் பயந்து தனியாக ஒரு பேட்டரிப் பெட்டிகூட வைத்து, இயந்திரத்தை அதில் செருகிய பிளக்கின்மேல் சிவப்பு நாடா சுற்றியிருந்தார்கள்.

மெரேட்டே கோப்பையை வைத்தாள்.

"சித்தப்பா, அப்பாவோட வண்டி வாசலுக்கு வந்தாச்சா?"

"வந்தாச்சு. அணைச்சிட்டேன், மறுபடி எந்திரிக்குமான்னு தெரியல. உங்கப்பன் மாதிரியே, அதுக்கும் மனசு வரணும்."

"வண்டி எதுக்கு?" என்றாள் காபி ஊற்றிக்கொண்டிருந்த சங்கத்துப் பெண் போடில்.

"அப்பாவோட மெஷினை எடுத்துட்டுப் போறேன்."

இயந்திரம் மட்டும் தன்பாட்டுக்குப் பீப் பீப் என்று பேசிக்கொண்டிருந்தது. ஃப்ளெமிங் எழுந்து வந்தார்.

"இன்னிக்கேவா? எடுக்கணும்னா பிளக்கைப் புடுங்கணுமே."

"ஆமா. நீங்கதானே தலைவர்? நீங்களே புடுங்குங்க."

"மெரேட்டே, கொஞ்சம் யோசி. உங்கப்பா பேரும் அதுல இருக்கும்மா. எனக்கு அடுத்து."

"தெரியும் தலைவரே. அதைப் பார்த்துக்கிட்டேதான் நிக்கிறேன்."

திரையில் பட்டியல் வந்து நின்றது. மேலே ஃப்ளெமிங்கின் பெயருக்கான மூன்றெழுத்து, கீழே அப்பாவினுடையது. இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாமே என்று அவள் கேட்டபோதெல்லாம் அப்பா "ஓடட்டும் விடு" என்று மட்டும் சொல்வார். அதை அவள் கோழைத்தனம் என்று நினைத்திருந்தாள். அவர் செத்த வாரத்தில்தான் புரிந்தது. சுவரில் அவர் பெயரை எழுதவிடவில்லை; இதிலிருந்து எடுக்க முடியவில்லை. எடுத்தால் ஃப்ளெமிங்கின் பெயரும் போகும். அந்த ஒரு வரிக்காகவே ஹோல்கர் அதை ஓடவிட்டு வைத்திருந்தார்.

ஃப்ளெமிங்கின் பெயரை அழிக்க, அப்பாவின் அந்த வரியையும் சேர்த்துத்தான் இன்று இழக்க வேண்டியிருந்தது. நேற்றிலிருந்தே அவள் அதை எடைபோட்டுக்கொண்டிருந்தாள். போட்டுப் பார்த்த ஒவ்வொரு முறையும் தட்டு ஒரே பக்கம்தான் சாய்ந்தது.

"சரி, ஒரு படம் எடுத்துக்கறேன்" என்று ஃப்ளெமிங் போனை எடுத்தார்.

"எடுங்க. ஆனா சாட்சி வேணுமே." மெரேட்டே அறையைப் பார்த்துத் திரும்பினாள். "திரையில என்ன இருக்குன்னு யாராச்சும் பார்த்தீங்களா?"

எய்விண்ட் மெதுவாகச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் பார்க்கலப்பா. கார் ஸ்டார்ட் ஆகுதான்னு பார்க்க வெளியே போயிருந்தேன்."

யாரோ சிரித்து, சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"நான் கப் கழுவிக்கிட்டு இருந்தேன்" என்றாள் போடில், கையில் காபிக் கெண்டியோடு.

பாலாடைக்கட்டியை வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மற்றவர்கள் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். அப்பாவின் பெயரை எழுத வேண்டாம் என்று அன்றைய கூட்டத்தில் கை தூக்கியவர்களும் இவர்கள்தான் என்பதை மெரேட்டே மறக்கவில்லை. அவர்கள் முறை வேறொரு நாள் வரும்.

ஃப்ளெமிங்கின் கழுத்து சிவந்தது. போன் தாழ்ந்தது. அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார்:

"நான் பார்த்தேன்மா. அன்னிக்குக் கடைசி வரைக்கும் பக்கத்துலதான் இருந்தேன். எந்த மெஷினா இருந்தாலும் உங்கப்பனுக்கு ரெண்டாவதாவே நின்னு பழகிட்டேன். ஒரே ஒரு தடவை..."

"இதைக் கேட்க வேண்டிய ஆளை இப்பத்தான் மண்ணுக்குள்ள இறக்கிட்டு வந்தோம். புடுங்குங்க."

அவர் மண்டியிட்டார். முழங்கால் சொடுக்கிட்டது. சிவப்பு நாடா எளிதில் வரவில்லை. நகத்தால் சுரண்டிப் பிரித்தார். பிளக் வெளியே வந்ததும் பட்டியல் நடுவில் சுருங்கி, ஒரு வெள்ளைப் புள்ளியாகி, அதுவும் போனது. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. கரண்டியைக் கோப்பையில் வைத்த சத்தம்கூட உறுத்தியது.

"ஒரு பக்கம் பிடிங்க" என்றாள் மெரேட்டே.

படிக்கட்டில் கீழ்ப்பக்கம், முழுப் பாரமும் இறங்கும் பக்கம், ஃப்ளெமிங்குக்கு வந்தது. இயந்திரத்தைக் காரின் பின்புறம் படுக்கவைத்து, மூடாத கதவைக் கயிற்றால் கட்டினார்கள். மெரேட்டே சாவியைத் திருப்பினாள். கார் ஒருமுறை முனகியது. மறுமுறை அதுவும் இல்லை.

"தள்ளித்தான் ஆகணும்" என்றார் எய்விண்ட். "சங்கத்துல திடகாத்திரமானவர் யாரு, தலைவர்தானே?"

தெரு துறைமுகத்தை நோக்கிச் சரிந்திருந்தது. இரண்டு பேரும் தள்ளத் தொடங்கினார்கள். வண்டி நகர்ந்ததும் எய்விண்ட் "ஐயோ முதுகு" என்று விலகிக்கொண்டார். பக்கவாட்டுக் கண்ணாடியில் ஃப்ளெமிங் மட்டும் தெரிந்தார். கறுப்புக் கோட்டின் வால் பறக்க, பளபளத்த காலணி ஈரக் கல்லில் வழுக்க வழுக்கத் தள்ளினார்.

இரண்டாவது கியர். கிளட்சில் கால். கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ள இந்த வேகம் போதும் என்பது அவளுக்குத் தெரியும். இந்தக் காரில்தான் ஓட்டவே கற்றாள்.

"விடும்மா! இப்ப விடு!" என்று கத்தினார் ஃப்ளெமிங்.

அவள் காலை எடுக்கவில்லை. மீன்கடை போனது. சைக்கிள் கடை போனது. சிகரெட்டோடு வாசலில் நின்ற ஒருவன் வேடிக்கை பார்த்தான்.

"விடு மெரேட்டே! விட்டுடு!"

குரல் உடையத் தொடங்கியது. வண்டி தன்பாட்டுக்கு உருளத் தொடங்கியபின்னும் அவர் கையை எடுக்காமல் ஓடி வந்தார். தெரு முடியும் இடத்தில், தண்ணீர் தெரிந்த பிறகுதான், அவள் காலை எடுத்தாள். கார் குலுங்கி, இருமி, பிடித்துக்கொண்டது. கரும்புகையில் கண்ணாடி மறைந்தது.

கீழே வழி இல்லை. படகுகளுக்கு முன்னால் திருப்பிக்கொண்டு அதே தெருவில்தான் ஏற வேண்டும். ஃப்ளெமிங் மீன்கடைப் படியில் உட்கார்ந்திருந்தார், ஒரு காலில் காலணி இல்லாமல், வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு. காரைப் பார்த்ததும் ஒரு கையைத் தூக்கினார். நிறுத்தச் சொன்னாரா, போய்வா என்றாரா, தெரியவில்லை. அந்தக் கார் பிடித்துக்கொண்டபின் வீடு சேரும்வரை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் போயிற்று.

மெரேட்டே நேராகப் பார்த்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். தெருமுனை வளைவில், பின்னால் படுத்திருந்த இயந்திரத்தின் உண்டியலுக்குள் யாரும் எடுக்காமல் கிடந்த பழைய காசுகள் கலகலவென்று ஒரு பக்கமாகச் சரிந்தன. சாலை நேரானதும் அடங்கின. அடுத்த வளைவிலும் வேகத்தைக் குறைக்க முடியவில்லை. அவை மறுபடி சரிந்தன.